பேயின் பெயரை எழுதாதீர்கள்

ஓடிடி நிறுவனத்தாருக்கு, குறிப்பாக அங்கே சப்டைட்டில் பிரிவைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம்.

எந்தத் தொடர், எந்த எபிசோட் என்று இந்த மடலில் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். மூன்று புகார் எண்கள் கொடுத்திருக்கிறீர்கள், மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பலர் படிக்கும் இடத்தில் எழுதுவதால், இன்னும் பார்க்காதவர்களுக்குக் கதையைக் கெடுத்துவிடக் கூடாது என்பது என் கவலை. அந்தக் கவலை உங்களுக்கும் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

கறுப்பு வெள்ளைக் காலத்துத் துப்பறியும் தொடர். அதில் பேய் வீட்டு எபிசோட். பூட்டியே கிடக்கும் பெரிய வீடு, விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் உரிமையாளர், ராத்திரியில் மேல்மாடியில் கேட்கும் சத்தம். நான்காவது நிமிடத்தில் விளக்கு அணைகிறது. திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. காது கேட்பவர்களுக்கு அவ்வளவுதான், வெறும் சிரிப்பு. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. காது கேளாதவர்களுக்காக நீங்கள் போட்டிருக்கும் சப்டைட்டிலில் அதே நொடியில் பளிச்சென்று, அடைப்புக்குறிக்குள், ஒரு மனிதரின் பெயர். முழுப் பெயர், குடும்பப் பெயரோடு. பக்கத்தில் ‘சிரிக்கிறார்’.

அந்த மனிதர் அப்போது வெளியூரில் இருப்பதாகத்தான் கதை நம்மை நம்ப வைத்திருக்கிறது. அவர்தான் பேய் என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பது இருபத்திரண்டாவது நிமிடத்தில். உங்கள் ஆட்கள் நான்காவது நிமிடத்திலேயே முடித்துவிட்டார்கள். பாராட்டுகள். வழக்கை அவர்களிடமே கொடுத்திருந்தால் மீதிப் படச்சுருளாவது மிச்சமாகியிருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேயின் பெயரை எழுதாதீர்கள். ‘யாரோ சிரிக்கிறார்கள்’ என்று போடுங்கள். போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். என் அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் காது போய்விட்டது. இந்தத் தொடர் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை இரவில் வரும். அப்போது ஏது சப்டைட்டில்? எனக்குப் பன்னிரண்டு வயது. மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கப் பென்சிலால் எழுதுவேன். அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படிப்பாள். ஒரு கண் திரையில், ஒரு கண் நோட்டில். பேய்ப் படத்தை விளக்கு போட்டுப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். இருட்டில் எழுதியதால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், சில இடங்களில் நோட்டைத் தாண்டி என் கால்சட்டையில்கூட எழுதியிருக்கிறேன். அவசரத்தில் பாதி வசனம் விட்டுப்போகும். ‘அவன் பொய் சொல்றான்’, ‘கதவு கிரீச்’, ‘ரெண்டு பேரும் சண்டை, ஒண்ணும் புரியல’. இப்படித்தான் இருக்கும் என் சப்டைட்டில். சம்பளம் கிடையாது, பென்சிலும் என்னுடையது.

இந்தப் பேய் வீட்டு எபிசோட் மறு ஒளிபரப்பும் ஆனது. முதல்முறை அக்காவால் பார்க்க முடியவில்லை, உடம்பு சரியில்லை. நான் மட்டும் பார்த்தேன். ஆக, இரண்டாம் முறை அவளுக்காக எழுதும்போது பேய் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அப்படி ஒன்று தெரிந்தால் வாய் நிற்குமா? ஆனாலும் அந்தச் சிரிப்பு வந்தபோது நோட்டில் நான் எழுதியது ‘யாரோ சிரிக்கிறார்கள்’. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த அந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. போன மாதம் உங்கள் தளத்தில் இந்தத் தொடர் வந்திருப்பதைப் பார்த்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். விளக்கை அணைத்தோம். இந்த முறை நான் எழுத வேண்டியதில்லை, இரண்டு கண்ணையும் திரையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கதை அவளுக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, மறுபடி முதல்முறை பார்ப்பது போலத்தான். நான்காவது நிமிடம் வந்தது. அக்கா திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ‘இவனா?’ என்று கையால் கேட்டாள். நான் என்ன சொல்வது?

எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டாள். மீதி எபிசோடை வெளிச்சத்தில்தான் பார்த்தோம்.

புகார் செய்தேன். முதல் பதிலில் என் கருத்து உங்களுக்கு மிக முக்கியம் என்றிருந்தது. இரண்டாவது பதிலில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னீர்கள். நிறுவினேன். பேய் அதே ஆள்தான். மூன்றாவது முறை அரட்டைப் பெட்டியில் வந்தவர் மிகவும் பணிவாக, “சப்டைட்டில் இப்போது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா?” என்று கேட்டார். தெரிகிறது ஐயா, அதுதான் பிரச்சினை என்றேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்துப் புகாரை மூடிவிட்டார்கள்.

இது எப்படி நடந்திருக்கும் என்று நானே யோசித்துப் பார்த்தேன். ஒன்று, குரல்களைப் பிரித்து இது இன்னார் குரல் என்று ஒட்டும் மென்பொருள் செய்த வேலையாக இருக்கலாம். இல்லையென்றால் முழு வசனப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமலே யாரோ தட்டச்சு செய்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்த்த மனிதர் யாரும் இடையில் இல்லை என்பது உறுதி. சந்தேகமாக இருந்தால் கடைசிக் காட்சியைப் பாருங்கள். குற்றவாளி பிடிபட்டாயிற்று, கைவிலங்கோடு வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. எல்லோரும் போன பிறகு காலி வீட்டின் மேல்மாடி ஜன்னலில் ஒரு வெளிச்சம், மறுபடியும் அதே சிரிப்பு. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்று போகிறபோக்கில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு முடிகிறது எபிசோட். அங்கேயும் உங்கள் சப்டைட்டிலில் அதே மனிதரின் பெயர், அதே ‘சிரிக்கிறார்’! வண்டியில் கைவிலங்கோடு போய்க்கொண்டிருப்பவர் மாடியில் எப்படிச் சிரிப்பார்? படம் எடுத்தவர்கள் பழைய சிரிப்பு ஒலியையே மறுபடியும் போட்டிருப்பார்கள், உங்கள் இயந்திரமும் பழைய பெயரையே மறுபடியும் ஒட்டியிருக்கிறது. எபிசோடில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு நிஜப் பேயையும் பிடித்துக் கைதி ஆக்கிவிட்டீர்கள்.

துப்பறியும் தொடர்களில் பேய் வீடு என்பது ஏதோ ஓரத்தில் கிடக்கும் சமாசாரம் இல்லை. ஹார்டி பாய்ஸ் தொடர் 1977 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது முதல் எபிசோடின் தலைப்பிலேயே பேய் வீடு இருந்தது. 1954இல் ரொனால்ட் ஹோவர்ட் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த 39 எபிசோட்களில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் ஓவியத்துக்கும் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். 1969இல் தொடங்கிய ஸ்கூபி டூ பிழைத்ததே இதை வைத்துத்தான். பேய்களுக்கு இங்கே இடமில்லை என்று 1924இல் வந்த ரத்தக்காட்டேரிக் கதையிலேயே ஹோம்ஸ் சொல்லிவிட்டார். ஆக, முகமூடிக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது பார்க்கிற எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அது யார் என்பது. அதை மட்டும் எழுதிவிட்டு மீதியையெல்லாம் ரகசியமாக வைத்திருக்கிறீர்கள்.

சப்டைட்டில் எழுதுபவர்களுக்கு இது புதிதும் இல்லை. திரையில் இன்னார் என்று இன்னும் தெரியாத குரலுக்கு ‘ஆண்’, ‘பெண்’, ‘குரல்’ என்று பொதுவாகத்தான் போட வேண்டும், கதை சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு வரியில் எத்தனை எழுத்து, எத்தனை நொடி நிற்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறீர்கள். நல்லது. அந்தக் கணக்கில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

இந்த வசதி யாரும் தானமாகக் கொடுத்ததும் இல்லை. அமெரிக்காவில் 1980 மார்ச்சில்தான் வேண்டும்போது போட்டுக்கொள்ளும் சப்டைட்டில் ஒளிபரப்புக்கு வந்தது. அதற்கும் தனியாக ஒரு பெட்டி வாங்கித் தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிகளில் அது உள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய தொடர்கள் எல்லாம் அதற்கும் முந்தியவை. அவற்றுக்கு இன்று இருக்கும் சப்டைட்டில் ஒவ்வொன்றும் பின்னால் வந்த ஒருவர் உட்கார்ந்து போட்டது. அந்தப் பின்னால் வந்தவர் நீங்கள்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் படம் நாலுக்கு மூன்று என்ற, ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுத்தது. இப்போதைய அகலத் திரையை நிரப்புவதற்காக நீங்கள் மேலும் கீழும் வெட்டியதில் உயரத்தில் கால்வாசி போய்விட்டது. துப்பறிவாளருக்குத் தொப்பி இல்லை, பேய்க்குக் கால் இல்லை. பேய்க்குக் கால் இருக்காது என்பது சரிதான், ஆனால் இந்தக் கதையில் தூசியில் பதிந்த காலடியைப் பார்த்துத்தான் அவர் ஆளைப் பிடிக்கிறார். மிஞ்சிய கீழ்ப்பகுதியில் சப்டைட்டில் உட்கார்ந்துகொள்வதால் காலடியும் தெரிவதில்லை. கடைசிக் காட்சியில் அந்த மாடி ஜன்னல் இருக்கும் மூலையில் ‘அடுத்த எபிசோட் 5 நொடியில்’ என்று ஒரு பெட்டி வந்து உட்காருகிறது. எபிசோடுக்கான முகப்புப் படத்தில் முகமூடி கழற்றிய காட்சியையே வைத்திருக்கிறீர்கள். சந்தாத் தொகையை மட்டும் ஒரு நாள் பிசகாமல், ஒரு பைசா வெட்டாமல் எடுத்துக்கொள்கிறீர்கள், அதில் குறை சொல்ல முடியாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தை வெட்டியதும் பெட்டி மறைப்பதும் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். சப்டைட்டில் விஷயம் அப்படி இல்லை. காது கேட்பவருக்குக் கிடைக்கும் பயமும் சந்தேகமும், காது கேளாதவர் என்ற ஒரே காரணத்தால் என் அக்காவுக்குக் கிடைக்காமல் போகிறது. அவளுக்காக என்று போட்ட வசதியே அவளிடமிருந்து கதையைப் பிடுங்குகிறது. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், தயவுசெய்து பேயின் பெயரை எழுதாதீர்கள்.

பெரிய வேலை இல்லை. நான்காவது நிமிடத்தில் ஒரு வரி, பதினோராவது நிமிடத்தில் மாடிப்படியில் ஒரு முனகல், பதினேழில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மிரட்டல், கடைசியில் அந்தச் சிரிப்பு. மொத்தம் நான்கு இடங்கள். மூன்று இடங்களில் பெயரை எடுத்துவிட்டு ‘யாரோ’ என்று போட்டால் போதும். ஒரு தேர்ந்த ஆளுக்குக் கால் மணி நேர வேலை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நானே செய்து அனுப்புகிறேன். அனுபவம் இருக்கிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

நான்காவது இடத்துக்கு, அதாவது கடைசிச் சிரிப்புக்கு என்ன போடுவது என்று குழப்பமாக இருந்தால் என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். ‘மறுபடியும் சிரிப்பு. யாரு??’ என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில், ‘விளக்கப் போடுடா’.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்