மொடல் பேப்பர் வீட்டுக்கு வரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, திருகோணமலையில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் மொடல் பேப்பர் (மாதிரி வினாத்தாள்) திருத்திக் கொடுக்கும் நாளில் ரியூஷன் வாசல்களில் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது: "எத்தினை மார்க்ஸ்?" பிள்ளை செருப்பைக் கொழுவ முதலே, மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள். அடுத்தது, "மற்றப் பிள்ளைகளுக்கு எத்தினை?"

ஏசினால் பிள்ளை சோர்ந்துபோகும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். "என்ர பிள்ளைக்கு நல்ல மூளை" என்ற புகழ்ச்சியும் பிள்ளையைக் கெடுக்கும் என்றால் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அதில் பங்குகொண்டவர்களும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே. முதற் புதிர்களைச் செய்து முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும் வேறு சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அதன்பின் மீண்டும் முதற் புதிர்களைப் போலவே இலகுவான புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் முதல்முறையைவிடக் குறைவாகச் செய்தார்கள்; உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு நான்கு பேரளவில் தங்கள் புள்ளியைக் கூட்டியும் சொன்னார்கள். பட்டத்தைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றும் வேலையும் பிள்ளையின் தலையில் விழுகிறது. பேப்பர் புத்தகப் பையின் அடியில் ஒளிவது இதனால்தான்.

பேப்பர் வந்த அன்று என்ன செய்யலாம்? முதலில் பிள்ளை சாப்பிடட்டும். பிறகு பென்சிலை அதன் கையில் கொடுத்து, பிழைத்த ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடச் சொல்லுங்கள்: தெரியாவிட்டால் 'தெ', கவனயீனம் என்றால் 'க', நேரம் போதாவிட்டால் 'நே'. முதலாம் வினாத்தாளில் 40 வினா, ஒரு மணித்தியாலம். வினாவுக்கு ஒன்றரை நிமிடம். கடைசி ஆறும் வெறுமையாகக் கிடந்தால், பெரும்பாலும் இடையில் ஏதோ ஒன்றில் பிள்ளை மாட்டுப்பட்டு நின்றிருக்கிறது. ஒன்றரை நிமிடம் தாண்டினால் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்குங்கள். 'க' கூடினால், "பொருந்தாதது எது" போன்ற சொற்களின் கீழ்க் கோடிட்டபின் விடை எழுதச் சொல்லுங்கள். 'தெ'யில் இரண்டை மட்டும் அன்றிரவு எடுங்கள். பத்தையும் ஒரே இரவில் திணித்தால் பதினொராவதாகப் படிப்பே வெறுத்துப்போகும்.

அடுத்த பேப்பரை முந்தைய பேப்பரோடு மட்டும் ஒப்பிடுங்கள். "போன முறை 'நே' ஏழு, இந்த முறை நாலு. என்ன மாதிரிச் செய்தனி?" பதில் சொல்லும்போதே, தன் கையால் ஒன்றை மாற்றலாம் என்பது பிள்ளைக்கு விளங்கும்.

முயற்சியைப் பாராட்டுகிறோம் என்று எதற்கும் "பரவாயில்லை, முயன்றாய்தானே" என்பதும் உதவாது. பிழையான வழியிலேயே பத்துத் தரம் செய்த பிள்ளைக்குத் தேவை வேறு வழி. வெறும் ஆறுதலைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "எனக்கும் கணக்கு ஓடாது" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்வதையும் விடுங்கள். மத்திய கிழக்கில் வேலைசெய்யும் தாய்மாரும் தொலைபேசியில் புள்ளியைக் கேட்காமல், "எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது, எப்படிச் செய்தனி?" என்று கேட்கலாம். ஐந்து நிமிடம் போதும்.

ரியூஷன் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புள்ளிகளை முதலாமிடம் தொடங்கிக் கடைசி வரை வரிசைப்படுத்தி வட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பேப்பரின் மேல்மூலையிலும் 'தெ', 'க', 'நே' என்று மூன்று கட்டம் அச்சிட்டு, பிள்ளையே எண்ணி நிரப்பிக் கொண்டுபோக விடுங்கள்.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்,
திருகோணமலை