மெழுகை இப்போதைக்கு உருக்காதீர்கள்

சுவாமிமலை ஸ்தபதி ஐயாவுக்கு வணக்கம்.

போரில் இறந்த எங்கள் ஊர் வீரர்களுக்காக நீங்கள் வார்க்கப்போகும் வெண்கலச் சிலையின் மெழுகு உருவத்தை, நீங்கள் அனுப்பிய படத்தில் ஊரே போனில் பார்த்துவிட்டது. தொப்பி சரி, துப்பாக்கி சரி. மீசையை மட்டும் குறைக்கச் சொல்கிறார்கள். "நாங்க சிப்பாய்ங்க, அய்யனார் இல்ல" என்று ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் சிரித்தார். அது உங்கள் இஷ்டம். நான் எழுதுவது பீடத்தின் பேர்ப் பலகைக்காக.

'போரில் உயிர்நீத்த வீரர்கள் நினைவாக' என்று ஒரு வரி போதும், பேர் போட்டால் செலவு ஏறும் என்கிறார்கள் இங்கே. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், யார் வீட்டுப் பிள்ளைகள்? கல்லைக் கேட்டால் சொல்லாது.

இதே பழைய வட ஆற்காட்டில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. எருமைக்காகச் செத்த கருந்தேவக்கத்தியின் பேர் அதில் உண்டு. கூட நின்று கள்ளனைக் கடித்த நாயையும் செதுக்கி, அதன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பேர் நிற்கிறது, ஐயா.

அதனால் வெண்கலத்தை வார்த்த பிறகு பேர்களை உளியால் வெட்ட வேண்டாம். மண் பூசி மெழுகை உருக்கி வெளியேற்றும் முன்பே, மெழுகிலேயே புடைத்த எழுத்தாக வையுங்கள். எங்கள் பெரியப்பா 1971 சண்டையில் போனவர். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கண்ணிலும் புரை. விரலால் தடவித்தான் பார்ப்பார். பேர்ப் பலகை கிழக்கு பார்த்து இருக்கட்டும். மேற்கே வைத்தால் எங்கள் ஊர் கத்திரி வெயிலில் சாயங்காலம் வெண்கலத்தில் கை வைக்க முடியாது.

இன்னொன்று. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பேர் எழுதியிருக்கிறது, ஆனால் இங்கிலீஷில். அதில் லகரமா ளகரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டாளத்துக் காகிதமும் அப்படியே. பெரியம்மா கல்யாணப் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை மெழுகை உருக்காதீர்கள்.