பொருள்: "ஒரிஜினல்" என்று விற்ற போலி கேம்போய் கசெற் – பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு.

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த மாதம் 12ஆம் திகதி உங்களிடம் நின்டென்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்போய் கலருக்குப் போடும் போக்கிமான் கோல்ட் விளையாட்டுக் கசெற் ஒன்றை 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். "ஒரிஜினல், சேவ் ஆகும்" என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டேன். கூரியர்காரர் எங்கள் பக்கம் வரமாட்டாராம். அரைநாள் லீவு போட்டு, மாங்குளம் போய்ப் பார்சலை எடுத்தேன். சரி, அது பரவாயில்லை.

இரவு போட்டதும் நேரம் கேட்டது. ஒன்பதரை என்று கொடுத்து, ஒரு மணித்தியாலம் விளையாடி, சேவ் பண்ணிவிட்டுப் படுத்தேன். காலையில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வரியே இல்லை. முதலிலிருந்து தொடங்கி மறுபடி நேரம் கேட்கிறது.

பழைய கசெற்றில், சேவ் பண்ணியதை வைத்திருக்கும் பற்றரி சாவது எனக்குப் புதிதில்லை. 1999இல் யப்பானில் வந்த விளையாட்டு இது. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் இதன் பற்றரி மற்றதுகளைவிட முந்தித் தீரும். செத்த பற்றரியோடு வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சீஆர் 2025 என்ற வட்டப் பற்றரி ஒன்றைப் பற்றவைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

அந்த எண்ணத்தில்தான் திறக்கப் போனேன். ஒரிஜினல் கசெற்றைக் கழற்ற 3.8 மில்லிமீற்றர் கேம்பிட் என்ற தனித் திருப்புளி வேண்டும். அதை எடுத்து வைத்தால், உங்கள் கசெற்றில் இருந்தது றேடியோவில் இருக்கும் சாதாரண கூட்டல்குறி ஆணி. உள்ளே பற்றரி இல்லை, பற்றரி வைக்கும் இடமும் இல்லை. கடிகாரத்தை ஓட்டும் படிகம் இல்லை. நின்டென்டோ என்ற எழுத்து பலகையில் எங்குமே இல்லை. நடுவில் தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கனடா மாமா கொண்டுவந்து தந்த கேம்போயில் இதே கசெற் இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை, கேம்போய்க்குத் திரைவெளிச்சமும் இல்லை. இரண்டு பென்ரோச் பற்றரியைப் போட்டு, குப்பிவிளக்குக்குக் கிட்டப் பிடித்து விளையாடுவேன். வெளியே இருட்டினால் விளையாட்டுக்குள்ளும் இருட்டும். 2009இல் எதை எங்கே விட்டோம் என்று கணக்கில்லை. அதுவும் அங்கே எங்கேயோ. இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் நான் காசு கொடுத்தது அந்தக் கடிகாரத்துக்கு.

படங்கள் அனுப்பிக் கேட்டபோது உங்கள் ஊழியர் சொன்ன பதில்: "கேம் ஓடுதுதானே அண்ணா, பிறகென்ன?" எனக்குக் கோபம் வந்தது அதில்தான். நகல் என்று சொல்லி நகல் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என்னிடமே இரண்டு நகல் கசெற் இருக்கிறது.

14,500 ரூபாவையும் கூரியருக்குக் கொடுத்த 650 ரூபாவையும் 14 நாட்களுக்குள் என் கணக்கில் போடுங்கள். தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன். பற்றுச்சீட்டு, உங்கள் விளம்பரத்தின் படம், திறந்த கசெற்றின் நான்கு படங்கள் இத்துடன் உள்ளன.

கசெற்றை மூடவில்லை, திறந்தபடியே பெட்டியில் இருக்கிறது. காசு வந்ததும் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை மாங்குளத்துக்கு நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்