சஸ்பெண்ட் என்றால் வேலை போய்விட்டதாக அர்த்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு ஊழியர் மீது நடவடிக்கை என்று செய்தி வந்தால், நம் தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் 'நீக்கம்' என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுகின்றன. சஸ்பெண்ட் ஆனாலும் நீக்கம், டிஸ்மிஸ் ஆனாலும் நீக்கம். செய்திக்குள்ளே 'பணியிடை நீக்கம்' என்று சரியாகத்தான் இருக்கும். தலைப்பில் இடம் போதாமல் 'பணியிடை' விழுந்துவிடும். தில்லியில் மத்திய அமைச்சகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவிலும், அப்புறம் விஜிலென்ஸ் எனப்படும் ஊழல் கண்காணிப்புப் பிரிவிலும் இந்தக் கோப்புகளோடே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். அந்த ஒரு சொல் விழுவதால் என்ன ஆகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், 11-ஆவது விதிதான் தண்டனைகளைச் சொல்கிறது. சென்ஷர் எனப்படும் கண்டனத்தில் தொடங்கி, இன்கிரிமென்ட் நிறுத்தம், பதவி இறக்கம் என்று ஏறி, டிஸ்மிஸலில் முடியும். இதில் சஸ்பென்ஷன் கிடையாது. அது 10-ஆவது விதியில் தனியாக இருக்கிறது. விசாரணை நடக்கும்போது அந்த ஆள் அதே நாற்காலியில் இருந்தால் ஆவணங்களுக்கோ சாட்சிகளுக்கோ பாதகம் வரலாம் என்பதால் ஒதுக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே ஒருவர் சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படுவார். முதல் 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்து நீட்டிக்காவிட்டால் அந்த உத்தரவு செல்லாது. என்ன குற்றச்சாட்டு என்று எழுதித் தரும் குறிப்பாணையைக் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இப்படி ஒதுக்கி வைக்கப்பட்டார். உத்தரவு ஒரே பக்கம்தான். ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பரிசீலனையில் இருப்பதால் என்று முதல் வரி. முன் அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கடைசி வரி. ஊருக்குப் போய் அப்பாவைப் பார்க்க வேண்டுமானால்கூட எழுதிக் கேட்க வேண்டும். மாதாமாதம் 'வேறு எந்த வேலையும் செய்யவில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பிழைப்பூதியம் வரும். முதல் மூன்று மாதம் அது ஏறத்தாழ பாதிச் சம்பளம். இதற்கிடையில் ஊரில் பேப்பரைப் படித்த சொந்தக்காரர்கள், "அவன் வேலை போயிடுச்சாமே" என்று வீட்டு வாசலுக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பா சில மாதம் கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். விசாரணையில் குற்றச்சாட்டு எதுவும் நிற்கவில்லை. ஒதுங்கியிருந்த காலம் முழுவதும் பணிக்காலமாகக் கணக்கிடப்பட்டு, நிலுவைச் சம்பளமும் வந்தது. அந்தச் செய்தியை எந்தப் பேப்பரும் போடவில்லை.

உண்மையிலேயே வேலை போவதிலும் இரண்டு வகை உண்டு. ரிமூவல் ஆனவர் மறுபடியும் அரசு வேலைக்கு மனுப் போடலாம். டிஸ்மிஸ் ஆனவருக்குச் சாதாரணமாக அந்தக் கதவும் மூடிவிடும். கட்டாய ஓய்விலும் இப்படித்தான். ஒன்று 11-ஆவது விதிப்படி கொடுக்கும் தண்டனை. அதில் ஓய்வூதியம் குறையலாம், ஆனால் முழு ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போகாது. மற்றொன்று அடிப்படை விதி 56-ஜே. 50 அல்லது 55 வயது கடந்தவரைப் பொதுநலன் கருதி, மூன்று மாத நோட்டீஸோ சம்பளமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. அவருக்குச் சேர வேண்டிய ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டார்கள். சட்டப்படி அது தண்டனையும் இல்லை. இரண்டையும் வெறும் 'கட்டாய ஓய்வு' என்று போட்டால், ஒழுங்காக வேலை பார்த்து வெளியே வந்தவர் மீதும் சந்தேகம் விழுகிறது.

அனுமதி விஷயத்திலும் இதே குழப்பம் இருக்கிறது. சாங்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி என்றும் பொருள், தண்டனைத் தடை என்றும் பொருள். 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் மீது சாங்ஷன் போட்டபோது, இங்கே அலுவலகங்களில் வீட்டுக்கடனுக்கும் லீவுக்கும் சாங்ஷன் கேட்டுக் கோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழில் அதைப் 'பொருளாதாரத் தடை' என்று எழுதியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிக்கல் ஊழல் வழக்குகளில்தான். "சாங்ஷன் ஆயிடுச்சு, ஆள் மாட்டிக்கிட்டார்" என்று ஆர்.கே.புரம் பூங்காவில் நடக்க வருகிறவர்களே பேசுகிறார்கள். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் தரப்படுவது, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள ஓர் அனுமதி மட்டுமே. நேர்மையாக முடிவெடுத்த அதிகாரியை வீண்வழக்கில் அலைக்கழிக்காமல் காப்பதற்காக வைத்த வேலி அது. அனுமதி தந்தால் குற்றவாளி என்றும் ஆகாது, மறுத்தால் நிரபராதி என்றும் ஆகாது.

அதே சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17-ஏ பிரிவு இன்னும் முந்தைய கட்டம். அதிகாரி அலுவல் முறையில் எடுத்த முடிவை விசாரிக்கத் தொடங்கவே பொதுவாக ஒப்புதல் வேண்டும் என்கிறது. இரண்டையும் 'அனுமதி' என்றே எழுதுவதால், ஒரே செய்தி இரண்டு முறை வந்ததாக வாசகர் நினைக்கிறார். 2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவு, அலுவல் கடமையில் செய்ததாகச் சொல்லப்படும் மற்ற குற்றங்களுக்கான வழக்கு அனுமதி பற்றியது. அதில், 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். அப்படி வந்த அனுமதியை 'அரசு அனுமதித்தது' என்று எழுதினால் அது நடக்காத ஒன்று.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். தலைப்பில் 'சஸ்பெண்ட்' என்றே போடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல், இடமும் குறைவாகவே பிடிக்கும். கட்டாய ஓய்வு என்றால் எந்த விதியின் கீழ் என்று ஒரு வரி சேருங்கள். 17-ஏ என்றால் 'விசாரிக்க ஒப்புதல்', 19 என்றால் 'வழக்கு நடத்த அனுமதி' என்று பிரித்து எழுதுங்கள். சஸ்பெண்ட் செய்தியை எந்தப் பக்கத்தில், எந்த அளவில் போட்டீர்களோ, அவர் திரும்பப் பணியில் சேரும் செய்தியையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்,
ஆர்.கே.புரம், புது தில்லி