ஆல்டர்நேட்டர் மாற்றும் முன்

அணைக்கட்டு

அன்பு நண்பன் முருகேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பிக்கப் வண்டிக்கும் பெரிய ஆல்டர்நேட்டர் (இன்ஜின் சுழற்ற, மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) போடப் போவதாக எழுதியிருந்தாய். என் வண்டிக்கு நேர்ந்ததை அதற்குள் நீ அறிந்துகொள்ள வேண்டும் என்பதால், வீட்டுச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

இலவம்பாடிக் கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னரே வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஓடும் வண்டி அது. ஹெட்லைட், வைப்பர், ரேடியேட்டருக்கு நான் வைத்த மின்விசிறி எல்லாம் சேர்ந்து ஓடும்போது பழைய 35 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே 90 ஆம்பியர் ஒன்றை வாங்கி, பழைய வயரிலேயே மாட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் விடியற்காலை, பொய்கை அருகே நெடுஞ்சாலையில் ஏறியபோது டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் நாற்றம் வந்தது. ஓரமாக நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓடும் ஆம்பியரைக் காட்டும் அம்மீட்டரின் பின்புற லக் (வயர் நுனியில் அழுத்திய உலோகக் காது) நீலம் பாரித்திருந்தது, வயரின் மேலுறை மெழுகு போல இளகி வழிந்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் வண்டியே எரிந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

என் வண்டியில் ஆல்டர்நேட்டரின் மின்சாரம் முழுவதும் அந்த அம்மீட்டர் வழியாகச் சுற்றித்தான் பேட்டரியை அடைந்தது. 4 சதுர மில்லிமீட்டர் வயர், 3 மீட்டர் நீளம். அதில் 60 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்து, ஏறத்தாழ 50 வாட் வெப்பமாகிவிடுகிறது, ஆல்டர்நேட்டர் 14.2 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 13.4 தான்.

இப்போது ஆல்டர்நேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பி பிளஸ் முனையிலிருந்து 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை நேராகப் பேட்டரியின் பிளஸ் முனைக்கு இழுத்து, பேட்டரிக்கு மிக அருகில் 125 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். அது ஆல்டர்நேட்டர் பக்கம் இருந்தால் பயனில்லை. வயர் உராய்ந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். அம்மீட்டரை நீக்கிவிட்டு வோல்ட் மீட்டர் போட்டேன். முன்பு அம்மீட்டரிலிருந்து கிளைத்த ஹெட்லைட், வைப்பர் வயர்களுக்குத் தனித்தனி ஃபியூஸ் கொடுத்தேன்.

எர்த்தை மட்டும் மறந்துவிடாதே. இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், போன மின்சாரம் திரும்பி வர எர்த் வயர் ஒன்றுதான் வழி. எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஆல்டர்நேட்டர் உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தபோது 0.4 வோல்ட் காட்டியது. பெயின்ட்டையும் துருவையும் வெள்ளி போல மின்னும்வரை சுரண்டிப் புதிய எர்த் வயரை முறுக்கிய பிறகு அது 0.05க்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் லைட்டின் பல்பையும் பார்த்துவிடு. ஆல்டர்நேட்டர் விழித்தெழத் தேவையான முதல் மின்சாரம் அதன் வழியாகத்தான் செல்கிறது. ஆல்டர்நேட்டரைச் சுழற்றுவது ஒற்றை பெல்ட் என்றால் அது வழுக்குகிறதா என்றும் கவனி.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிய பிறகே மற்ற இடத்தில் ஸ்பானரை வை. எந்த நாள் என்று எழுது. லக் அழுத்தும் கருவியோடு நானே ஆரணிக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
தணிகாசலம்