பிழைதிருத்தி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பிழைதிருத்திகளையும் கைப்பேசி விசைப்பலகைகளையும் உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. உங்கள் கருவிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதத் தெரிந்தவருக்குச் செய்கிற அதே உதவியை எழுதப் பழகுகிறவருக்கும் செய்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1964-இல் ஃபிரெடரிக் டாமராவ் என்பவர் எழுத்துப்பிழைகளை ஆராய்ந்தார். ஓர் எழுத்து மாறியது, விடுபட்டது, கூடியது, பக்கத்து எழுத்தோடு இடம் மாறியது: 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிழைகள் இந்த நான்கில் அடங்கிவிட்டன. கை தவறி வரும் பிழைக்கு, ஓர் எழுத்து வித்தியாசத்தில் உள்ள அகராதிச் சொல்லைத் தேடித் தரும் இந்தக் கணக்கு போதும். தெரியாமல் செய்கிற பிழையும் அதே ஓர் எழுத்து வித்தியாசம்தான் என்பதுதான் சிக்கல். ஒரு மாணவி 'பளம்' என்று அடிக்கிறாள். விரல் வழுக்கியதா, ழகரம் வரும் என்பதே தெரியாதா? கருவிக்கு இரண்டும் ஒன்று. தானாகத் திருத்தும் வசதி இருந்தால், அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் அது 'பழம்' ஆகிவிடுகிறது. அவள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அப்புறம் தேர்வுத்தாளில் 'பளம்' அப்படியே வந்து நிற்கிறது.

பரிந்துரைப் பட்டியலில் தொட்டு எடுப்பதும் பெரிதாகக் கைகொடுக்காது. பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு, நினைவிலிருந்து எழுதுவது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. எழுத்துக்கு மட்டும் இது மாறிவிடுமா என்ன?

இதைவிடக் கவலை தருவது கருவியின் மௌனம். 'சுவரில் பள்ளி ஓடியது', 'அரை முழுவதும் இருட்டு' என்றெல்லாம் எழுதினாலும், சொல் சொல்லாகப் பார்க்கும் திருத்தி கோடு போடாது. பள்ளியும் அரையும் அகராதியில் இருக்கின்றனவே! 'அந்த பையன்' என்று ஒற்றை விட்டாலும் அப்படித்தான். சிவப்புக் கோடு இல்லையென்றால் சரி என்று மாணவர்கள் நம்புகிறார்கள். நேர்மாறாக, 'வந்தவர்களிடமிருந்துதான்' என்று சரியாக எழுதினால் சில கருவிகள் கோடு போடுகின்றன. கோடு போனால் போதும் என்று பிள்ளைகள் சொல்லை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். இதைத் திருத்துவதுதான் எனக்கு எரிச்சல்.

கற்பவர்களுக்கென்று கருவியிலேயே தனியாக ஒரு பயன்முறை கொடுங்கள். அதில் எதையும் தானாக மாற்ற வேண்டாம். பிழையான சொல்லை மட்டும் காட்டி, அவர்களே முயன்று பார்க்க விடுங்கள். முடியவில்லையென்றால் எந்த எழுத்து என்று சுட்டுங்கள். விடை கடைசியில் வரட்டும். அடிக்கடி தடுமாறும் சொற்களைச் சேர்த்து வைத்து, சில நாள் கழித்து மறுபடி கேட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று, இது சின்ன வேலைதான். 'பிழை ஏதும் இல்லை' என்று காட்டுகிற இடத்தில், 'அகராதியில் இல்லாத சொல் ஏதும் இல்லை' என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்