இரண்டு கலெக்டர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் மடல்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சித்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

1911க்கு முன்னால் என்றால் இந்த மடலுக்கு ஒரே ஒரு தபால்தலை போதும். அப்போது வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரே கலெக்டர்; அவர் உட்கார்ந்திருந்ததும் சித்தூரில்தான். அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் தனி மாவட்டமானது, வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. எல்லை எங்கே என்று அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1960இல், அதுவும் ஒரு ஏப்ரல் 1தான், திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் இன்று நான் இரண்டு பிரதி எடுக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, ஜெராக்ஸ் கடை என்னுடையதுதான்.

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில், கிறிஸ்டியான்பேட்டை தாண்டுவதற்குள் வரும் சின்னக் கடை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரிண்டர், லேமினேஷன், கொஞ்சம் நோட்டு, பேனா. மகளைச் சித்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆக மாதத்துக்கு மூன்று நான்கு தடவை நானே எல்லை தாண்டுகிறேன். தாண்டப் போகிறவர்கள் தினமும் என் கடையில் நின்று சந்தேகம் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், யோசனை இலவசம். அந்த யோசனையை நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். பலகையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் கதை. பேத்திக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள் சம்பந்தி வீட்டார். முகூர்த்தம் 9 முதல் 10.30. நாங்கள் பதினான்கு பேர், சீர்வரிசைத் தட்டுகள், தாய்மாமனாக என் மகன், எல்லாரும் ஒரு மஞ்சள் போர்டு வேனில். கிளம்பும்போதே டிரைவரிடம், "ஆந்திரா டாக்ஸ் கட்டியாச்சாப்பா?" என்றேன். "எல்லாம் பக்கா சார்" என்றார். பக்கா என்பது பதில் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். டாக்ஸ் கட்டவில்லை. ஆன்லைனில் கட்டலாம் என்றால் டிரைவர் போனில் பணம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. வேனுக்குள் வெயில். மடியில் இருந்த பழத்தட்டில் வாழைப்பழம் கறுக்க ஆரம்பித்தது. கடைசியில் நான் யாரோ ஒரு பையனின் பைக்கில் ஏறி என் கடைக்கே திரும்பி வந்து, என் கம்ப்யூட்டரில் பணம் கட்டி, என் பிரிண்டரில் ரசீது எடுத்துக்கொண்டு ஓடினேன். காணிப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி 11. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாதே, எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தூங்கிவிட்டிருந்தது. காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் விடமாட்டார் என்பார்கள். எங்கள் டிரைவர் கெட்டிக்காரர், பொய்யைக் காட்பாடியிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

மறித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் வாடகை வண்டிக்கு எல்லை தாண்டும் முன்பே வரி கட்டியிருக்க வேண்டும், பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் வீட்டிலிருந்தே கட்டலாம் என்று வண்டி பிடிக்கிற ஜனங்களுக்கு யார் சொல்கிறார்கள்? இப்போதெல்லாம் நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "கட்டியாச்சா" என்று கேட்காதீர்கள், "ரசீதைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரசீதில் வண்டி நம்பரையும் தேதியையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டி என்றால் கணக்கு வேறு. அப்போதும் அந்த பெர்மிட்டைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆட்டோவில் எல்லை வரை போய், இறங்கி நடந்து, அந்தப் பக்க ஆட்டோ பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அது ஒரு விதத்தில் புத்திசாலித்தனம்தான், மூட்டை முடிச்சு இல்லாமல் இருந்தால்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று நான்கும் இருந்தால் போதும். இதில் என் வியாபாரத்துக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன்: ஜெராக்ஸ் எடுத்து டேஷ்போர்டில் வைப்பதில் பயனில்லை. ஒரிஜினல் வேண்டும், அல்லது போனில் டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரை ஒரிஜினலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. எல்லையோரத்தில் நெட் சில சமயம் காலை வாரும், வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் இந்தப் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் விலை கூடுதல். பாட்டில் விஷயத்தில் இரண்டு மாநிலச் சட்டமும் வேறு வேறு. எந்தத் திசையிலும் எடுத்துப் போகாமல் இருப்பது மரியாதை.

பஸ்ஸில் போகிற பெண்களுக்கு வேறு குழப்பம். நம் பக்கம் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லை. ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 முதல் ஸ்த்ரீ சக்தி என்று அந்த மாநிலப் பெண்களுக்கு இலவச பஸ் திட்டம். ஒரு நாள் என் மனைவியும் மகளும் சித்தூரிலிருந்து காணிப்பாக்கத்துக்குப் பல்லெவெலுகு என்கிற கிராமத்து பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். மகள் ஆதாரில் சித்தூர் விலாசம், அவளுக்குப் பூஜ்ய டிக்கெட். என் மனைவி ஆதாரில் காட்பாடி, அவளுக்குக் காசு டிக்கெட். பத்து மாதம் சுமந்தவளுக்கு டிக்கெட்டா என்று கண்டக்டரிடம் தமிழில் கேட்டாள். அவர் தமிழிலேயே சிரித்துக்கொண்டு ரசீது கிழித்தார். அப்புறம், வேலூருக்கும் சித்தூருக்கும் நேராக ஓடும் மாநிலம் தாண்டுகிற பஸ்ஸில் யாருக்கும் இலவசம் இல்லை. இதை இரண்டு பஸ் ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில் போட்டால் தினமும் நடக்கும் பாதிச் சண்டை குறையும்.

ரயில்தான் எனக்குப் பிடித்தது. காட்பாடியில் ஏறினால் பொம்மசமுத்திரம், சித்தூர், பாகாலா என்று திருப்பதி வரை போய்விடலாம். ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டிக்காக நின்று நின்றுதான் போகும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,332 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் போவதற்குள் முடித்தால் சந்தோஷம்.

ரயில் என்றதும் அரிசி ஞாபகம் வருகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு ரேஷன் அரிசியில்தான் இட்லி பூப்போல வரும் என்று ஒரு நம்பிக்கை. அது உண்மையும்கூட. அதனால் மகள் வீட்டுக்குப் போகும்போது பையில் ஐந்து கிலோ கட்டிக்கொள்கிறார்கள். ரேஷன் அரிசி கடத்தலைப் பிடிக்க இதே வழித்தடத்தில் அடிக்கடி சோதனை நடக்கிறது. மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனுக்கு எந்த வண்டியில் எந்த ஸ்டேஷனில் இறங்கலாம் என்று தெரியும். மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியாது. ரேஷன் அரிசியை மாநிலம் தாண்டி எடுத்துப்போகக் கூடாது என்று ஒரு வரி, தமிழில், பாட்டிகள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் காட்பாடி பிளாட்பாரத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது பணம். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எது என்றால், நம் பக்கம் ஓட்டுப் போட்டு முடித்தாலும் எல்லையில் அது முடியாது. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு, ஆந்திராவில் மே 13இல். நம் ஊரில் விரலில் வைத்த மை அழிந்துகொண்டிருந்தபோதும் எல்லையில் பறக்கும் படை நின்றது. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு வாங்க வருகிற ஒருவர் என் வாடிக்கையாளர். ஒரு ஜோடி மாட்டுக்கு 80,000 ரூபாய் வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டார். பேங்க்கில் எடுத்த பணம்தான், பாஸ்புக் வீட்டில் இருந்தது. பணம் திரும்ப வந்தது, ஆனால் அதற்குள் இரண்டு சந்தை போய்விட்டது. அதிலிருந்து தேர்தல் சமயத்தில் மாடு வாங்க வருகிறவர் பாஸ்புக்கில் பணம் எடுத்த பக்கத்தோடு வர வேண்டும், விற்றுவிட்டுத் திரும்புகிறவர் சந்தை ரசீதைத் தொலைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிடிபட்ட பணத்தைக் கணக்குக் காட்டி வாங்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது என்பதையும், அதை எங்கே போய்ப் பார்ப்பது என்பதையும் பொய்கை சந்தையிலேயே எழுதி வைக்கலாம். அந்தப் பக்கம் விதி எந்தத் தேதியில் முடிகிறது என்று சித்தூர் கலெக்டர் அலுவலகம் வேலூருக்குச் சொன்னால் போதும், பலகையில் ஒரு தேதியை மாற்ற சாக்பீஸ் இருக்கிறது.

இன்னொன்றைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. போன வருஷம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பையன் கடைக்கு வந்தான், இருபது வயது இருக்கும். திருப்பதிக்கு முடி காணிக்கை. ஆதார் கார்டை லேமினேட் பண்ணச் சொன்னான். பிறகு 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை எடுத்து, இதையும் பண்ணுங்க அண்ணே என்றான். ஒரு நாள் டிக்கெட்டுக்கு எதற்குத் தம்பி லேமினேஷன் என்றேன். "கோவிலுக்குத்தான் போறேன்னு காட்டணும்ல" என்றான். சட்டைப் பையில் வியர்வை படும், அதற்காக. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பலர் திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு மலைக்காரப் பையன்கள் திருப்பதி பஸ்ஸில் ஏறும்போது இப்படித்தான் ஏறுகிறார்கள். செம்மரத் தரகர்கள் கூப்பிட்டால் போகாதே என்று நான் சொல்லலாம், சொல்கிறேன். சாமி கும்பிடப் போகிறவன் கோவிலுக்குத்தான் போகிறேன் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, உங்கள் இருவருக்கும் இருக்கிறது. அவனிடம் லேமினேஷனுக்குக் காசு வாங்கவில்லை.

2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், எல்லையில் சைனகுண்டாவிலும் பொன்னை பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே கல் வைத்துச் சுவரே எழுப்பிவிட்டார்கள் இங்கே. சில நாளில் இடித்தும் விட்டார்கள். சுவர் கட்டவும் இடிக்கவும் ஆள், சிமெண்ட், ஜேசிபி எல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்த இடத்தில் ஒரு பலகைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலூர் புது பஸ் ஸ்டாண்ட், காட்பாடி ரயில் நிலையம், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், எல்லையின் இரண்டு பக்கச் சாவடிகள். இந்த ஐந்து இடத்தில் தமிழும் தெலுங்கும் பக்கத்தில் பக்கத்தில். இங்கே சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் தெலுங்கு மட்டுமே படிப்பவர்கள் என்று ஆட்டோக்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள். கீழே ஒரு போன் நம்பர். எடுப்பவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம், கிறிஸ்டியான்பேட்டையிலிருந்து சித்தூர் வரை எந்த டீக்கடையிலும் கிடைப்பார்.

முதல் நூறு நோட்டீஸ், ஏ3 தாளில், என் செலவில் அடித்துத் தருகிறேன். தமிழ் வாசகத்தை நான் எழுதுகிறேன். தெலுங்கை என் சம்பந்தி எழுதித் தருவார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, எனக்குத் தெலுங்கு படிக்க வராது. காதுகுத்து அன்று 11 மணிக்கு வேனிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து அவர் திட்டியதை மட்டும் இரண்டு பேரும் அப்போதே நன்றாகப் புரிந்துகொண்டோம்.

இப்படிக்கு,
சித்தூர் சாலை ஜெராக்ஸ் கடைக்காரன்,
காட்பாடி.